சீஆர் கொப்பிக்கு முதன்மைச் சாவி

மறுபடியும் ஒரு கூகுள் ஃபோர்ம் வந்திருக்கிறது. வட்ஸ்அப்பில், கைகூப்பும் படத்தோடு, "மாமா, ரெண்டே நிமிஷம்தான்" என்று. அந்த ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் வீட்டுக்கொரு மனேஜ்மென்ட் பிள்ளை வைத்திருப்பவர்கள்தான். எல்லாக் கேள்விக்கும் 'நடுநிலை' என்று அமுக்கிவிட்டு எழும்பிப் போகிறவர்கள்தான். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் இந்த அளவுகோலை 1932இல் செய்து வைத்துவிட்டுப் போனார். அதன் பலனை முந்தல் றோட்டோரத்தில் பலசரக்குக் கடை போட்டிருக்கும் நான் அனுபவிக்கிறேன். "எனது நிறுவனத்தின் தகவல் முறைமை தந்திரோபாயத் தீர்மானங்களுக்கு உறுதுணையாக உள்ளது." இதற்கு நான் மிகவும் உடன்படுகிறேனா, சும்மா உடன்படுகிறேனா? தராசில் பருப்பு கிடக்கிறது. வாங்க வந்தவர் முறைக்கிறார்.

எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது அந்தத் 'தகவல் முறைமை'க் கேள்விதான். போன செமஸ்டரில் அக்காவின் மகள் என் கடையில் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் அந்தக் கேள்வியின் காரம் உங்களுக்குப் பிடிபடாது.

அவள் கம்பஸில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்த்துப் படிக்கிறாள். நிஜமான ஒரு வியாபாரத்தைப் பிடித்து, அதற்கு ஒரு டேட்டாபேஸ் வரைந்து காட்ட வேண்டும் என்பது எசைன்மென்ட். நூலகமும் ஆஸ்பத்திரியும் முந்தைய பட்ச்காரர்கள் எல்லாரும் கட்டித் தீர்த்துவிட்டார்களாம். இலங்கையில் இன்னொரு நூலக முறைமை கட்டினால் புத்தகத்தைவிட முறைமைகள் கூடிவிடும். ஆகவே மாமாவின் கடை. குழுவில் நாலு பேர். ஒருத்தி வேலை செய்வாள், ஒருத்தன் அட்டைப்பக்கத்துக்கு எழுத்துரு தேடுவான், ஒருத்தன் ப்ரசன்டேஷன் அன்றைக்குச் சட்டை அயன் பண்ணிக்கொண்டு வருவான், நாலாமவனுக்குக் காய்ச்சல். வேலை செய்கிறவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில்தான் சீஆர் கொப்பியை, அதாவது கடன் கொப்பியை, காட்டச் சம்மதித்தேன்.

பீற்றர் சென் 1976இல் காட்டிக்கொடுத்த முறைப்படி அவள் ஒரு பெட்டி போட்டு 'வாடிக்கையாளர்' என்று எழுதினாள். இன்னொரு பெட்டியில் 'பொருள்'. நடுவில் ஒரு வைரவடிவம், அதற்குள் 'வாங்குகிறார்'. படம் அழகாகத்தான் இருந்தது. 'காசு தராமல் போகிறார்' என்பதற்கு வைரம் எங்கே என்று கேட்டேன். அதைப் பிறகு போடலாமாம்.

"மாமா, முதன்மைச் சாவி எது?"

கடைச் சாவியைக் கேட்கிறாள் என்று நினைத்து இடுப்பில் கைவைத்தேன். அது இல்லையாம். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் இன்னொருவரோடு குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக்காட்ட ஓர் அடையாளம் வேண்டுமாம். பேர் இருக்கிறதே என்றேன். கொப்பியைத் திறந்து பார்த்தாள். சேர்ச்சடி அக்கா. பத்துளுஓயா மருமகள். இறால் வாடி வோச்சர். சிவப்பு சைக்கிள். அதற்குக் கீழே வெறும் 'அந்த மனிசன்'. "இதெல்லாம் பேரா மாமா?" என்றாள். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

அடையாள அட்டை இலக்கம் போடலாம் என்றாள். பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வருவதில் பன்னிரண்டு இலக்கம். பெட்டியின் அகலத்தை எதற்கு வைப்பது என்று அவளே கொஞ்ச நேரம் மண்டையை உடைத்தாள். எனக்கு அகலம் பிரச்சினையில்லை. கால் கிலோ சீனிக்கு வந்த மனிதரிடம் அடையாள அட்டையை எடுங்கள் என்றால் நேரே எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இந்த நாட்டில் நம்மிடம் அட்டையைக் கேட்டவர்கள் யாரும் கடனுக்குப் பருப்பு தந்ததில்லை.

சரி, ஃபோன் இலக்கம். ஒரு ஃபோனில் இரண்டு சிம். அவர்கள் கடன் கேட்கும்போது ஒரு சிம் வேலை செய்யும். நான் கடனைக் கேட்கும்போது மற்றது வேலை செய்யாது. வீட்டு இலக்கம் என்றாள். களப்புப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

கடைசியில் கம்பியூட்டரே இலக்கம் கொடுக்கட்டும் என்று முடிவாயிற்று. சிவப்பு சைக்கிளுக்கு சீ-007 விழுந்தது. அடுத்த நாளே ஆள் வந்து ரின் மீன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "எழுதுங்க அண்ணே" என்றார். உங்கள் இலக்கம் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது, எனக்கும் ஞாபகமில்லை. பேரைப் போட்டுத் தேடுங்கள் என்றாள் மருமகள். பேரைப் போட்டுத் தேடுவதென்றால் இலக்கம் எதற்கு? பேர் வேண்டாமென்று இரவிரவாகப் பேசியது யார்?

இதற்கிடையில் அந்த மனிதர் சைக்கிளை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். கொப்பியில் கடன் சைக்கிளின் பேரில் கிடக்கிறது. இப்போது அந்தச் சைக்கிள் கடையைத் தாண்டினால் எனக்குக் கணக்கு ஞாபகம் வரும். ஏறியிருக்கும் பையனும் என்ன காரணமோ தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதிக்கிறான். சாவி என்றால் அது சாவி.

பிறகு நோர்மலைசேஷன். எட்கர் கொட் என்பவர் 1970இல் தொடங்கி வைத்தது. ஒரு கட்டத்தில் ஒரு பெறுமதிதான் இருக்க வேண்டுமாம். என் கொப்பியில் ஒரு வரி இப்படி இருந்தது: பருப்பு 1, சீனி ½, மாரி பிஸ்கட் (சின்னவனுக்கு), 200 தந்தது, மிச்சம் தேங்காயாக. அந்தத் 'தேங்காயாக' என்ற இடத்தில் அவள் பேனாவை வைத்துவிட்டாள். தேங்காய் பணமா, சரக்கா என்று கேட்டாள். முந்தலில் அது இரண்டும்தான். அத்தோடு விட்டேனா? 2022இல் எழுதிய பால்மாக் கடனை எந்த விலைக்குக் கழிப்பது என்று நானும் ஒரு கேள்வி போட்டேன். அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். வாங்கிய அன்றைய விலைக்குக் கழித்தால் எனக்கு நட்டம், இன்றைய விலைக்குக் கழித்தால் அவர்களுக்கு. நான் என்ன செய்தேன் என்றால், ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்து ஒரு விலை போட்டேன். முகத்துக்கு எந்தப் பெட்டி? அதையெல்லாம் அறிக்கையின் கடைசியில் 'எதிர்கால மேம்பாடுகள்' என்ற தலைப்பில் தள்ளிவிட்டார்கள். கம்பஸில் நல்ல விஷயங்கள் எல்லாம் அந்தத் தலைப்புக்குள்தான் குடியிருக்கின்றன.

போர்ட்டரின் ஐந்து சக்திகளையும் என் கடைக்குள் கொண்டுவந்தார்கள். 1979இல் எழுதிய சமாசாரம். புதிதாக நுழைபவர் என்ற இடத்தில் எதிர்க்கடைக்காரனைப் போட்டிருந்தார்கள். அவன் என் ஒன்றுவிட்ட தம்பி. வீட்டில் அது பெரிய பேச்சாகி அடங்கியது.

சுவொட்டுக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. பலம், பலவீனம், சந்தர்ப்பம், அச்சுறுத்தல் என்று நாலு கட்டம். அச்சுறுத்தல் கட்டத்தில் ஒரே வரி: 'பிரதேச இறால் பண்ணைகளில் நோய், வெளிக்காரணி.' 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது என் கொப்பியில் பாதிப் பக்கம் இறால்காரர்கள். களப்பும் ஒல்லாந்தர் கால்வாயும்தான் எல்லாருக்கும் தண்ணீர். ஒருத்தன் பண்ணையிலிருந்து வெளியே விட்டதை மற்றவன் பம்ப் போட்டு உள்ளே இழுத்தான். இதில் எது வெளி, எது உள்? பக்கத்துக் குளத்தில் நோய் என்ற சேதியை ஒரு நாள் முன்னால் சொல்ல வாய் வராமல் அழிந்தவர்கள் உண்டு. சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பான் என்ற பயம். பிறகுதான் வலயம் வலயமாகப் பிரித்து, யார் எந்த மாதம் குஞ்சு விடுவது என்று பயிர்க் கலண்டர் போட்டார்கள். தகவல் முறைமை என்று இந்தக் கரையில் ஒன்று இருந்தால் அது அந்தக் கலண்டர்தான். நாலு வருஷம் தகவல் முறைமை படிக்கிற பிள்ளைக்கு, பஸ்ஸில் கலண்டர்காரரின் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்வருகிற பிள்ளைக்கு, அதை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தேன். "அது சிலபஸில இல்ல மாமா" என்றாள். வார்த்தைக் கணக்கு ஏற்கெனவே தாண்டிவிட்டதாம்.

ப்ரசன்டேஷன் நன்றாகப் போனதாகக் கேள்வி. அயன் பண்ணிய சட்டைக்காரன் நன்றாகப் பேசினானாம். காய்ச்சல்காரனுக்கும் அதே புள்ளி. பைண்ட் பண்ணிய அறிக்கையில் ஒன்று டிப்பார்ட்மென்ட்டுக்கு, ஒன்று அவளுக்கு. எனக்கு நன்றியுரையில் அரை வரி. முறைமை ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அதைச் செருக என்னிடம் கம்பியூட்டர் இல்லை, அதுவும் எதிர்கால மேம்பாடு.

பைண்டிங் காசு குறைகிறது என்று புத்தளத்திலிருந்து ஃபோன் எடுத்து என்னிடம்தான் கேட்டாள். அனுப்பினேன். கொப்பியில் 'மருமகள்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேலேயும் கீழேயும் வேறு மருமகள்கள் இருக்கிறார்கள், எனக்குக் குழம்பாது.