நாலு பேராக உட்கார்ந்தால்

ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதலாம் என்று பாளையங்கோட்டையில் நான் ஆள் சேர்க்கக் கிளம்பியபோது, போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "யாரு படிக்கப் போறா, அண்ணாச்சி?"

1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞர் தொடங்கிய விளையாட்டு அது. மொத்தம் 21 பேர், ஒரு மாதம், 50,000 சொல். முதல் ஆண்டு ஜூலையில் எழுதினார்கள். ஊர் சுற்ற முடியாத மோசமான வானிலை இருந்தால் ஆட்கள் உட்கார்ந்து எழுதுவார்கள் என்று அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாற்றினார்கள். எங்களுக்கு அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை செய்தது.

நாளொன்றுக்கு 1,667 சொல் என்றதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தமிழில் உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே எண்ணிக்கை இன்னும் பெரிய புத்தகமாகிவிடும். அதனால் நோட்டில் நாளுக்கு நாலு பக்கம் என்று முடிவு செய்தோம். கெடு வைத்தால் இலக்கியம் வருமா என்று ஒருவர் கேட்டார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் அச்சுக்குப் போய்த்தானே முடிந்தது என்றார் எங்கள் தமிழாசிரியர். அதற்குமேல் பேச்சில்லை.

ஆனால் குழுவை நிலைக்கச் செய்தவர் ஒரு தையல்கடைக்கார அக்கா. பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆயிரத்தை எட்ட அம்மாவும் சித்திகளும் மடியில் தட்டை வைத்துத் திண்ணையில் வரிசையாக உட்கார்வார்களாம். "தனியா உக்காந்தா கை ஓடாது. நாலு பேரா உக்காந்தா தன்னால ஓடும்" என்றார். நாவல் தனிமையில்தான் பிறக்கும் என்று அதுவரை உறுதியாக நம்பியவன் நான். அரை மணி நேரம் யாரும் பேசாமல் எழுதுவது, பிறகு டீ, பிறகு மறுபடி அரை மணி நேரம் என்ற எங்கள் வழக்கம் அவர் வகுத்ததுதான். அளவு நோட்டின் பின்பக்கங்களில் அந்தத் திண்ணையைத்தான் அவர் எழுதினார். பீடி இலையை நனைத்து வெட்டும் பகுதியை அவர் வாசித்த அன்று டீ ஆறிப்போனது.

21 பேரோடு தொடங்கியது உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் எழுதும் இயக்கமாக வளர்ந்தது. 2024இல், செயற்கை நுண்ணறிவு எழுதுவதை ஒட்டுமொத்தமாகக் கண்டிக்க இயக்கத்தை நடத்திய அமைப்பு மறுத்தபோது பல எழுத்தாளர்கள் விலகினார்கள். எனக்கும் அது வலித்தது. எழுதத் தயங்கும் மனிதனை எழுத வைக்கவே பிறந்த அமைப்பல்லவா அது? பணமுடையும் சேர, 2025 மார்ச்சில் மூடுவதாக அறிவித்தார்கள். தாய்வீடு போய்விட்டது, எங்கள் திண்ணை இருக்கிறது.

இப்போது இளைஞர்கள் போனில் பேசியே தட்டச்சு செய்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் "இதை ஏஐ எழுதித் தராதா?" என்று கேட்கிறார்கள். அக்கா பதில் சொல்வதில்லை. பேனாவைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறார். அவருடைய புது நாவலில் கதாநாயகி பம்பாய்க்கு ரயிலேற நெல்லை ஜங்ஷனில் நிற்கிறாள். ஏறட்டும் என்கிறது பாதிக் கூட்டம். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர் மட்டும், அவள் அம்மாவின் கடிதம் வந்து சேரும்வரை ஏறக்கூடாது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.