வாத்தியாரும் மிளகு வியாபாரியும்: ஒரு பிரெஞ்சுக்காரரின் இந்தியக் கணக்கு

ஹ்யூகோ பூமூஸ் 1995 ஜூலை 24 அன்று பிரான்சின் ரென் நகரில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் மொராக்கோவில். கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று, கோல் போடுகிறவர்களுக்குப் பந்தைப் பிரித்துக் கொடுப்பது அவருடைய வேலை. பிரான்சில் லவால் அணிக்கும் பிறகு மொராக்கோவின் மொக்ரெப் தெதுவான் அணிக்கும் ஆடிவிட்டு, 2018 ஜனவரியில் எஃப்.சி. கோவாவில் சேர்ந்தார். அதன்பின் பல ஆண்டு பிழைப்பு இந்தியாவில்தான் நடந்தது: கோவா, மும்பை, கொல்கத்தா, ஒடிசா. ஐரோப்பாவில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தியன் சூப்பர் லீக் பார்ப்பவர்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

கொல்லிமலையில் இவரைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கட்சிக்கு ஓர் உறுப்பினர். ஒருவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஐரோப்பியப் பெயர் காதில் விழுந்தால் இருக்கையை விட்டு எழாத குறை. இன்னொருவர் சோளக்காடு சந்தையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்பவர். அதே ஆசிரியரிடம் படித்து, விளையாட்டுப் பாடவேளை முழுவதையும் மரத்தடியில் கழித்தவர். பேச்சு நடப்பது செம்மேட்டில் ஒரு தேநீர்க் கடையில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பேருந்து வந்து சேரும்வரை பேச்சுக்குத் தடை கிடையாது.

ஆசிரியர்: ரென் நகரத்துப் பிள்ளை இந்திய மண்ணில் காலடி வைத்தது சாதாரண நிகழ்ச்சியா தம்பி? பிரான்சுக்கும் நமக்கும் உள்ள பந்தம் இன்று நேற்று வந்ததா? புதுச்சேரியை நினைத்துப் பார்.

வியாபாரி: நினைச்சுப் பார்த்தேனுங்க சார். 1674இல துணி வாங்க வந்தவங்க 1954 வரைக்கும் உட்கார்ந்துட்டாங்க. இவரு எந்த ஊர்லயும் மூணு வருஷம் தாண்டல. அந்த வகையில இவரு தேவலைங்க.

ஆசிரியர்: கலைஞனைக் கொண்டுபோய்க் காலனிக்காரனோடு சேர்க்கிறாயே! இவருக்கு முன்னால் வந்தவர்கள் யார் யார் தெரியுமா? ரொபேர் பிரெஸ்! உலகக் கோப்பை வென்றவர்!

வென்றது 1998இல். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது 2014இல். அந்த முதல் தொடருக்குப் பிரான்சிலிருந்து புகழ்பெற்ற பெயர்கள் வரிசையாக வந்தன: கோவாவுக்குப் பிரெஸ், புனேவுக்கு டேவிட் திரெசெகே, மும்பைக்கு நிக்கோலா அனெல்கா, சென்னையின் எஃப்.சி.க்கு மிக்காயேல் சில்வெஸ்டர். அடுத்த ஆண்டு ஃபுளோராஞ் மலூதா டெல்லிக்கு வந்தார். 2003-04இல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காத ஆர்சனல் அணியில் ஆடியவர் பிரெஸ். கோவாவுக்காக ஆடும்போதே அவருக்கு 41 வயது நிறைந்தது. அந்தத் தொடரில் அவர் அதிகம் பேசப்பட்டது பந்தால் அல்ல. 2014 அக்டோபரில் கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில், இடைவேளை நேரத்தில், கொல்கத்தா அணியின் ஸ்பானியப் பயிற்சியாளர் அந்தோனியோ லோபஸ் ஹபாஸ் தன்னைக் குத்தினார் என்று பிரெஸ் புகார் சொன்னார். விசாரணை முடிவில் தடையும் அபராதமும் இருவருக்குமே விழுந்தன.

வியாபாரி: குத்து வாங்கினேன்னு சொன்னவருக்கும் அபராதமா? நம்ம ஊர்ப் பஞ்சாயத்து தேவலை போலிருக்குதுங்களே.

ஆசிரியர்: அந்த ஹபாஸ் பெயரை மறந்துவிடாதே. பின்னால் வருவார்.

வியாபாரி: வரட்டுங்க. அந்தப் பெரிய பேருங்க எல்லாம் வந்தப்போ நாமதான் ஏமாந்தோம் சார். 1998ஐக் காசு கொடுத்து வாங்கினோம், வண்டியில இருந்து 2014 இறங்குச்சு. இந்தப் பூமூஸ் வந்தப்போ அவருக்கு என்ன வயசு?

ஆசிரியர்: இருபத்திரண்டு.

வியாபாரி: இப்பத்தான் யாவாரம் புரியுது.

புரியத்தான் செய்கிறது. கோவாவின் அன்றைய பயிற்சியாளர் செர்ஜியோ லோபெராவும் ஸ்பானியர். பந்தைக் காலிலேயே வைத்திருந்து தாக்கும் ஆட்டம் அவருடையது. அந்த ஆட்டத்துக்கு எதிரணியின் நடுவரிசைக்கும் தடுப்புவரிசைக்கும் இடையில் நழுவி நின்று, திரும்பி, ஓடுகிறவனின் பாதையில் பந்தை வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பூமூஸ் அதற்கென்றே செய்தவர் போல இருந்தார். 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் சென்னையின் எஃப்.சி.யை 2-1 என வென்று கோவா சூப்பர் கோப்பையைக் கொண்டுபோனது. 2019-20 அவருடைய உச்சம்: 11 கோல்கள், அவர் கொடுத்த பந்தில் பிறர் போட்டவை 10. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குப் போனது. லீக் சுற்றில் 46 கோல் அடித்த கோவா, கடைசி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-0 என வீழ்த்தி முதலிடத்துக்கான கேடயத்தைப் பெற்றது. அதற்குச் சில வாரம் முன்பு, ஜனவரி முடிவில், அணி பட்டியலின் உச்சியில் இருக்கும்போதே, லோபெராவை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தது.

வியாபாரி: ஜெயிக்கிற வாத்தியாரையே வேலையை விட்டு எடுத்தாங்களா?

ஆசிரியர்: நிர்வாகத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நான் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவன். காரணம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அரையிறுதியில் என்ன நடந்தது, சொல் பார்ப்போம். நம் சென்னை அணி! முதல் ஆட்டத்தில் 4-1. இரண்டாவதில் கோவா 4-2. கூட்டினால் 6-5. நம்மவர்கள் இறுதிக்குப் போனார்கள்!

வியாபாரி: போய்?

ஆசிரியர்: கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆளில்லாத மைதானம், கொரோனாக் காலம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வியாபாரி: நம்ம தோத்தா மட்டும் கணக்குல வராதுங்க. சரி, விலைக்கு வாங்க.

விலை இதுதான். மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் சிட்டி ஃபுட்பால் குழுமம் 2019 நவம்பரில் மும்பை சிட்டி அணியின் 65 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2020இல் லோபெரா அங்கே பயிற்சியாளரானார். கோவாவிலிருந்து தடுப்பாட்டக்காரர் மூர்த்தாதா ஃபால், நடுக்களத்தின் அகமது ஜாஹூ, மந்தார் ராவ் தேசாய் ஆகியோரும் அவர் பின்னாலேயே போனார்கள். பூமூஸுக்கு ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை எழுதப்பட்டிருந்தது. அதைக் கட்டினால் எந்த அணியும் அழைத்துப் போகலாம். மும்பை 1.6 கோடி ரூபாய் கட்டியதாகச் செய்திகள் வந்தன.

ஆசிரியர்: ஒன்றரைக் கோடிக்கு மேல்! ஒரு நடுக்கள ஆட்டக்காரனுக்கு! கலைக்குக் கிடைத்த மரியாதை அல்லவா?

வியாபாரி: சார், சில்வர் ஓக் மரத்துல கொடி ஏறி, காய் பிடிச்சு, பறிக்கிற பக்குவத்துல நிக்குது. அப்பத்தான் ஒருத்தர் கார்ல வந்து தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். நாத்து நட்டது யாரு, அது காய்க்கிற வரைக்கும் தண்ணி ஊத்தினது யாருன்னு கேட்கமாட்டார். இந்த வருஷம் எத்தனை மூட்டை தேறும்னு கேட்பார். அதுக்குப் பேரு மரியாதை இல்லீங்க, மகசூல்.

ஆசிரியர்: உனக்கு எல்லாமே மிளகுதான்.

வியாபாரி: விடுங்க. மும்பை ஜனங்க கூட்டம் கூட்டமாப் போய்ப் பார்த்தாங்களா?

இங்கே ஆசிரியர் தேநீரைக் கையில் எடுத்தார். பெருந்தொற்றின் காரணமாக 2020-21 தொடர் முழுவதும், பார்வையாளர் இல்லாமல், ஒரே மாநிலத்தில் நடத்தப்பட்டது. அந்த மாநிலம் கோவா. ஃபதோர்டா, பாம்போலிம், வாஸ்கோ என மூன்று மைதானங்களில் எல்லா அணிகளும் ஆடின. கோவாவிலிருந்து மும்பைக்கு வாங்கப்பட்ட ஆட்டக்காரர் அந்தத் தொடரில் தான் ஆடிய எல்லா ஆட்டத்தையும் கோவாவில்தான் ஆடினார். 2021இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. மோகன் பகான் மீண்டும் பணம் கொடுத்து அவரை வாங்கியது. 2021-22 தொடரும் கோவாவில் நடந்தது.

வியாபாரி: நில்லுங்க, நில்லுங்க. கோவாவுல இருந்தவரை மும்பைக்காரன் காசு கொடுத்து வாங்கிக் கோவாவுலயே வெச்சான். அவன்கிட்ட இருந்து கொல்கத்தாக்காரன் காசு கொடுத்து வாங்கி, அவனும் கோவாவுலயே வெச்சானா?

ஆசிரியர்: சட்டை மாறியது அல்லவா?

வியாபாரி: சட்டைக்கா சார் கோடி?

சட்டைக்கு மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2020-21இல் மும்பையும் மோகன் பகானும் லீக் சுற்றை 40 புள்ளிகளோடு சமமாக முடித்தன. நேருக்கு நேர் ஆட்டங்களின் கணக்கில் கேடயம் மும்பைக்குப் போனது. 2021 மார்ச் 13 அன்று இறுதியாட்டத்திலும் அதே மோகன் பகானை 2-1 என வென்று, ஒரே பருவத்தில் கேடயம், கோப்பை இரண்டையும் எடுத்த முதல் அணியானது. அந்த அணியின் ஆட்டத்துக்கு நடுவில் இருந்தவர்களில் பூமூஸ் ஒருவர். களத்தில் அவருக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தப் பருவத்திலேயே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தடையும் அவருக்கு வந்தது.

கேடயத்துக்கு அப்போது இன்னொரு பயன் இருந்தது. அதை வென்ற அணிக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாசல் திறந்தது. 2021இல் கோவா அங்கே ஆடியது. இந்தியாவிலிருந்து அந்தப் போட்டியின் குழுச் சுற்றில் ஆடிய முதல் அணி அதுதான். அப்போது பூமூஸ் மும்பை அணியின் ஆள். 2022இல் மும்பை அங்கே ஆடியது. அப்போது அவர் மோகன் பகானின் ஆள்.

ஆசிரியர்: விதி, தம்பி. இரண்டு முறை கதவைத் திறந்துவிட்டு, இரண்டு முறையும் உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற மனிதர்.

வியாபாரி: விதி என்னங்க விதி? கையெழுத்துப் போட்டது அவருதானே. சம்பளம் கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போனார். நானும் போவேன், நீங்களும் போவீங்க.

ஆசிரியர்: நான் போகமாட்டேன்.

வியாபாரி: உங்களை யாரு கூப்பிட்டாங்க?

கொல்கத்தாவில் ரசிகர்கள் முன்னிலையில் ஆடும் வாய்ப்பு 2022இல்தான் வந்தது. 2023 மார்ச் 18 அன்று பெங்களூருவுடனான இறுதியாட்டம் 2-2 என முடிந்து, பெனால்ட்டியில் மோகன் பகான் 4-3 என வென்றது. அந்த இறுதியாட்டமும் ஃபதோர்டாவில்தான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அணி ஈஸ்ட் பெங்காலை வென்று டூரண்டு கோப்பையையும் எடுத்தது. 2024 ஜனவரியில் பயிற்சியாளர் மாறினார். புதிதாக வந்தவர் ஹபாஸ்.

ஆசிரியர்: சொன்னேனே, வருவார் என்று!

வியாபாரி: இவரையும் குத்திட்டாரா?

ஆசிரியர்: இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். பின்லாந்துக்காரர் ஜோனி கௌக்கோவுக்கு இடம் போனது.

வியாபாரி: பத்து வருஷத்துல ஆளு பக்குவப்பட்டிருக்கார்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் பட்டியல் என்பது இந்த லீக்கில் எண்ணி வைத்த இடம். 2021-22 முதல் ஓர் அணி ஆறு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம்; களத்தில் ஒரே நேரத்தில் நால்வர் நிற்கலாம். அந்த இடங்களை அணிகள் பெரும்பாலும் கோல் போடுகிறவருக்கும், பந்தைப் பிரித்துக் கொடுப்பவருக்கும், தடுப்பின் நடுவில் நிற்பவருக்கும் ஒதுக்கின. ஓரத்தில் ஓடும் வேலை உள்ளூர்ப் பையன்களுக்கு வந்தது. ஆட்டத்தை யோசிக்கும் இடம் பூமூஸ் போன்றவர்களுக்குப் போனது. அவர் அதைப் பறிக்கவில்லை. காலியாகக் கிடந்த இடத்துக்குக் கூப்பிட்டார்கள், வந்தார். 2024-25இல் ஒடிசா எஃப்.சி. கூப்பிட்டது. அங்கே அப்போது பயிற்சியாளர், வேறு யார், லோபெரா.

ஆசிரியர்: குரு பக்தி!

வியாபாரி: இல்லீங்க, பழகின தரகர்.

2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத காரணத்தால், அடுத்த தொடரை நிறுத்தி வைப்பதாக அப்போது லீக்கை நடத்திவந்த நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது; சென்னையின் எஃப்.சி. கால்பந்துப் பணிகளையே நிறுத்தி வைத்தது. இந்திய ஆடவர் அணி 2017 ஜூலையில் உலகத் தரவரிசையில் 96ஆம் இடத்தில் இருந்தது. 2025 ஜூலையில் 133ஆம் இடத்தில்.

ஆசிரியர்: அவ்வளவு பெரிய கலைஞர் இத்தனை வருடம் ஆடிக் காட்டியும் நம் பையன்கள் கற்றுக்கொள்ளவில்லையே!

வியாபாரி: அவரைக் குத்தம் சொல்லாதீங்க சார். பந்து கொடுக்கறதுக்குக் காசு கொடுத்தாங்க, கொடுத்தார். பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதுக்கு யாரும் யாருக்கும் காசு கொடுக்கல. நீங்க முப்பது வருஷம் இருந்தீங்களே, நம்ம பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பந்து வந்துச்சு?

ஆசிரியர்: வருடத்துக்கு ஒன்று. அதையும் ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.