டவாலி மூன்று முறை கூப்பிட்டும்

பாகவதர் நடித்து 1941-ல் வந்த ‘அசோக்குமார்’ படத்தில், செய்யாத குற்றத்துக்கு ஓர் இளவரசன் தண்டனை அனுபவிப்பான். எழுபது வருஷம் கழித்து இன்னொரு அசோக் குமார் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார். படியேறினார் என்பதுகூடத் தப்பு. அவர் வரவேயில்லை. குற்றம் அவருடையது, தண்டனை மட்டும் ஊராருக்கு.

யார் இவர்? ஆள் யாரென்றே தெரியாமல் வழக்குப் போட வேண்டுமானால் அமெரிக்காவில் ‘ஜான் டோ’ என்று ஒரு பெயரை எழுதிக்கொள்வார்கள். நம் வக்கீல்களுக்கு அது வாயில் நுழைந்தாலும் மனசுக்கு ஒட்டவில்லை, அசோக் குமார் என்று வைத்துக்கொண்டார்கள். ஊர் தெரியாது, அப்பா பெயர் தெரியாது. இன்னும் வெளிவராத படத்தைத் திருடப் போகிறார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். வைத்தீஸ்வரன்கோயில் ஏட்டில்கூட இவ்வளவு திட்டமாக வராது.

படத்தின் பெயர் ‘3’. ஐஸ்வர்யா தனுஷ் இயக்கம், தனுஷ் கதாநாயகன், அனிருத்துக்கு முதல் படம். 2011 நவம்பரில் அதன் பாட்டொன்று அரைவேக்காடாக இணையத்தில் கசிந்தது. கசியவிட்டவர் நம்ம ஆள்தான் என்று வைத்துக்கொள்வோம். பதறிப்போன இசை நிறுவனம், முழுப் பாட்டையும் ஒலிப்பதிவுக் கூடக் காட்சிகளோடு நவம்பர் 16 அன்று யூடியூபில் தானே ஏற்றியது. ‘ஒய் திஸ் கொலவெறி டி’ அப்படித்தான் ஊருக்குள் வந்தது. கண்டவரெல்லாம் பாடினார்கள், நகலுக்கு நகல் எடுத்தார்கள், குழந்தைகளை ஆடவிட்டுப் படம்பிடித்தார்கள். ஒருத்தராவது அனுமதி கேட்டிருப்பாரா? டிசம்பரில் ஜப்பான் பிரதமர் நோடாவுக்கு மன்மோகன் சிங் வைத்த விருந்தில் தனுஷுக்கும் ஓர் இலை விழுந்தது. ஒரு ரூபாய் பசைச் செலவில்லாமல் டோக்கியோ வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார் அசோக் குமார்.

அவருக்குக் கிடைத்த கைம்மாறு தடையுத்தரவு. 2012 மார்ச் 30-ல் படம் வந்த கையோடு பிஎஸ்என்எல் முதலான இணையச் சேவை நிறுவனங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. படத்தை யாரும் திருட்டுத்தனமாகக் காட்டக் கூடாது என்பதுதான் விஷயம். அடுத்து ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் அதே மாதிரி ஒன்று. எந்தப் பக்கத்தில் திருட்டுப் படம் இருக்கிறது என்று தேடித் தேடிப் பூட்டு போட யாருக்குப் பொழுதிருக்கிறது? மே மாதத்தில் ஒருநாள் பைரேட் பே, விமியோ, டெய்லிமோஷன் தளங்கள் எல்லாம் மொத்தமாக இருண்டுபோயின. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன்கூடத் தன் வீட்டைத்தான் கொளுத்தினான்.

பைரேட் பே சரி, பெயரிலேயே கொள்ளைக்காரன். விமியோவில் இருந்ததோ கையிலிருந்த காசைப் போட்டுக் குறும்படம் எடுத்த பிள்ளைகளின் சொந்தச் சரக்கு. அதைவிடக் கொடுமை பேஸ்ட்பின் தளத்தையும் மூடியது. அங்கே வெறும் எழுத்தைத்தான் ஒட்ட முடியும். தனுஷ் நடந்து வருகிறார், ஸ்ருதி ஹாசன் திரும்பிப் பார்க்கிறார் என்று இரண்டரை மணி நேரப் படத்தை எழுதி ஒட்டிவிடுவார் அசோக் குமார் என்று பயந்தார்கள் போலிருக்கிறது.

இதே வேலையைச் செய்ய அமெரிக்காக்காரன் ‘சோபா’, ‘பிபா’ என்று இரண்டு மசோதா கொண்டுவந்து தவியாய்த் தவித்தான். அதை எதிர்த்து அந்த வருஷ ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுக்கக் கதவடைத்தது. வீட்டுப்பாடம் செய்ய முடியாத பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் போட்ட கூச்சலில், இரண்டே நாளில் இரண்டு மசோதாவும் பரணுக்குப் போயின. நாம் மசோதா, விவாதம், ஓட்டெடுப்பு எதுவும் இல்லாமல் இரண்டே இரண்டு படங்களை வைத்து முடித்துக்காட்டினோம். நமக்கு முன்பழக்கம் உண்டு. 2004-லேயே திருட்டு விசிடிக்காரரைக் குண்டர் சட்டத்தில் சேர்த்து, கள்ளச் சாராயக்காரருக்குப் பக்கத்தில் உட்காரவைத்த மாநிலம் இது. பர்மா பஜாரில் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததாக அப்போதும் யாரும் சொல்லவில்லை.

தளங்களைப் பூட்டியதை எதிர்த்து 2012 ஜூன் 9 அன்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். மும்பை ஆசாத் மைதானத்தில் எல்லார் முகத்திலும் கை ஃபாக்ஸ் முகமூடி. சினிமாக் கம்பெனிகளின் அராஜகம் ஒழிக என்று கோஷம். அந்த முகமூடியின் உரிமை வார்னர் என்ற சினிமாக் கம்பெனியிடம் இருக்கிறது. அசல் முகமூடி ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குக் காசு போகும். ஆக, போராட்டக்காரர்கள் ராயல்டி கட்டிவிட்டுத்தான் கோஷம் போட்டிருக்கிறார்கள். நகல் முகமூடி போட்டவர்களை மட்டும் அசோக் குமார் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 22 அன்று நீதிமன்றம் விளக்கம் சொன்னது: தடை, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கங்களுக்குத்தான், தளம் முழுவதற்கும் இல்லை. அதற்குள் ‘3’ தியேட்டர்களை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. பாட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்திருந்தாலே தயாரிப்பாளர் கோர்ட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டார்.

விமியோ திரும்பி வந்தது, பேஸ்ட்பின்னும் வந்தது. டவாலி மூன்று முறை கூப்பிட்டும் வராதவர் அசோக் குமார் ஒருத்தர்தான், போஸ்டர் ஒட்டிய கூலியை வாங்கிக்கொள்ளக்கூட.