அதை மட்டும் நீங்களே போட்டுக் குடுங்க

புதுக் கணினி வாங்க வருகிறவர் பிராசஸருக்கு பில் கேட்பார், ரேமுக்கு வாரண்டி கேட்பார், மவுஸ் பேடு சும்மா தருவீங்களா என்றும் கேட்பார். விண்டோஸ் என்றதும் குரல் தணிந்துவிடும்: "அண்ணே, அதை மட்டும் நீங்களே போட்டுக் குடுத்துருங்க."

அண்ணன் பென் டிரைவைச் செருகுகிறார். திருட்டு விண்டோஸை அசலாகக் காட்ட அதிலுள்ள ஆக்டிவேட்டர் போடும் முதல் நிபந்தனையே ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும் என்பதுதான். நாயைக் கட்டிப்போடு என்று திருடன் வாசலில் நின்று சொல்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம். வேலை முடிந்ததும் பாதுகாப்பு நினைவுக்கு வருகிறது. ஓர் ஆன்டிவைரஸ் வேண்டும், அதுவும் காசில்லாததாக.

"லினக்ஸ் போடட்டுமா? லிப்ரே ஆபிஸும் இருக்கு, பைசா வேணாம்" என்று கடைக்காரர் சொல்லிப் பார்க்கட்டும். முகம் சுருங்கிவிடும். "சும்மா குடுக்குறதுல என்னண்ணே தரம் இருக்கும்?" ஆயிரக்கணக்கில் விலை போட்ட சரக்கைச் சும்மா எடுத்தால்தான் தரம்.

இலவச ஆன்டிவைரஸ் கதையும் தனி. பயனர்கள் எந்தெந்தத் தளங்களை மேய்ந்தார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றதாகக் குற்றஞ்சாட்டி, ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்டிடமிருந்து 2024இல் 1.65 கோடி டாலர் வசூலிக்க முடிவுகட்டியது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம். காவலுக்கு வைத்த ஆளே கணக்கெழுதி விற்றிருக்கிறார்!

நம்மவர் அசரவில்லை. "நம்மகிட்ட திருட என்ன இருக்கு?" என்றபடி நெட்பேங்கிங்கைத் திறக்கிறார். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று திரை கேட்கிறது. கேட்டு முடிப்பதற்குள் "எஸ்".