கண்ணாடியை ஏத்திவிடு பேராண்டி!

வடபழனி சிக்னல்ல நீ நடந்துக்கிட்டதைப் பக்கத்து சீட்டுல இருந்து பார்த்தேன் பேராண்டி, மனசு குளுந்துபோச்சு. பிச்சைக்குக் கை நீட்டின அந்தக் கிழவி கிட்ட வர்றதுக்குள்ள கண்ணாடி மேலே ஏறிருச்சு, செல்போன் காதுக்குப் போயிருச்சு. மறுமுனையில ஒரு ஈ காக்கா கிடையாது. நீ பாட்டுக்கு அரை நிமிசம் "ஓகே, ஓகே"ன்னு பேசினே பாரு, கூத்துல ராஜபார்ட் கட்டுறவன் உங்கிட்டப் பாடம் கேக்கணும். இவ்வளவு திறமை இருக்கிறவனுக்கு நாலு யோசனை சொல்லிவச்சா இன்னும் சுத்தமாச் செய்வேன்னு தோணுச்சு. கேட்டுக்க.

மொத யோசனை, கேள்வி கேக்கறது. "கைகால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிடக்கூடாதா?" இதைக் கேக்காம ஒரு பைசா எடுக்காதே. ஆனா கேட்டுட்டுப் பதிலுக்கு மட்டும் நிக்காதே, வில்லங்கம். "வேலை குடு சாமி"ன்னு அவ சொல்லிட்டா என்ன பண்ணுவே? உங்க அப்பார்ட்மென்ட்டுல பாத்திரம் கழுவ வர்ற பொம்பளைகிட்டயே ஆதார் நகல், போட்டோ, தெரிஞ்சவங்க சிபாரிசு, வாசல் நோட்டுல கையெழுத்து எல்லாம் வாங்கறீங்க. பிளாட்பாரத்துல படுக்கறவ விலாசம்னு எதை எழுதுவா? மெட்ரோ பாலம், மூணாவது தூண்னு எழுதினா உங்க செக்ரெட்டரி ஒத்துக்குவாரா? அதனால கேள்வியோட நிறுத்திக்க. பச்சை விழுந்ததும் கிளம்பிரு.

ரெண்டாவது, காசு தரமாட்டேன், சாப்பாடுதான் வாங்கித் தருவேங்கற கொள்கை. அருமையான கொள்கை. அன்னைக்கு டீக்கடை வாசல்ல ஒரு பெரியவருக்கு கிரீம் பன் வாங்கி நீட்டினே. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, எனக்குச் சர்க்கரை இருக்கு, இதுக்குப் பதிலா ரெண்டு இட்லி கிடைக்குமாய்யா"ன்னு கேட்டார். உன் முகம் சுண்டிப்போச்சு. "எடுக்கறது பிச்சை, இதுல சாய்ஸ் வேறயா"ன்னே. நியாயம்தான். சர்க்கரை வியாதின்னா லேப்ல பணம் கட்டி ரத்தம் குடுக்கறவனுக்குத்தானே வரணும், இவருக்கு எதுக்கு? பிரியாணியில முட்டை வரலேன்னு அன்னைக்கு ராத்திரி நீ போன்ல அரைமணி நேரம் சண்டை போட்டதை நான் ஏன் இங்க சொல்லப்போறேன்!

மூணாவது, கும்பல். "இவங்களுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கான் தாத்தா"ன்னு அடிக்கடி சொல்லுவே. ஜெயமோகன் 2003-ல 'ஏழாம் உலகம்'னு நாவல் எழுதினார். 2009-ல பாலா அதை வச்சு 'நான் கடவுள்' எடுத்தார். பிச்சை எடுக்கவைக்க மனுசங்களை விலை பேசி வாங்கி விக்கறதைப் பார்த்துட்டு ஊரே வாயடைச்சு வெளிய வந்துச்சு. வந்ததும் நாம படிச்ச பாடம் ஒண்ணே ஒண்ணு, நம்ம பத்து ரூபா தப்பிச்சுது. கும்பல் பிடியில மாட்டினவன்னா இரக்கம் கூடத்தானே செய்யணும், எப்படிடா குறைஞ்சுது? கைக்குழந்தையோட வந்தா காசு போடாதே, அதை நானும் சொல்லுவேன். காசு விழற வரைக்கும் அந்தப் பிள்ளையை வெயில்ல இருந்து நகர்த்தமாட்டாங்க. ஆனா 1098-னு பிள்ளைகளுக்குன்னே ஒரு நம்பர் இருக்கு, காசு பிடிக்காது. யாருமே இல்லாத போன்ல அரை நிமிசம் பேசறவன், ஆள் இருக்கிற போன்ல பேசிப் பாக்கலாம்.

நாலாவது, சட்டம். கவர்ன்மென்ட் பிடிச்சு உள்ளே போடணும்ங்கறே. அதுல அவங்க சோடை போகல பேராண்டி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டறதுக்கு முன்னாடியே, 1945-ல, மெட்ராஸ்ல பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. 2017-ல ஹைதராபாத்துக்கு இவாங்கா டிரம்ப் வர்றாங்கன்னு ஆச்சு, ஊருக்குள்ள பிச்சைக்கே ரெண்டு மாசம் தடை போட்டுட்டாங்க. விருந்தாளி தலை தெரிஞ்சா ஓட்டைப் பாயைச் சுருட்டி அட்டத்துல போடற குடித்தனம்தான். இந்தூர் இன்னும் கெட்டி. 2025 ஜனவரியில இருந்து பிச்சை போடறவன் மேலயே வழக்குன்னு உத்தரவு போட்டாங்க. கொடுக்கறவனைத் தடுக்காதேன்னு ஆத்திச்சூடியில நாலாவது அடியிலேயே சொல்லிவச்ச ஔவை அந்தப் பக்கம் போனா, குத்தத்துக்குத் தூண்டினதா அவ மேல தனிக் கேஸ் விழும். கோர்ட்டுங்கதான் நடுவுல குறுக்கே விழுந்துச்சு. பிச்சையைக் குத்தமாக்கின பிரிவுங்க செல்லாதுன்னு டெல்லி ஹைகோர்ட் 2018-ல சொல்லிருச்சு. கொரோனா சமயத்துல, 2021-ல, இவங்களைத் தெருவை விட்டு அப்புறப்படுத்தணும்னு ஒரு மனு போச்சு. வேற வழியில்லாமத்தான் கை நீட்டறாங்கன்னு சுப்ரீம் கோர்ட் மறுத்துருச்சு. அந்த ஜட்ஜுங்க கார்ல கண்ணாடி ரிப்பேரோ என்னவோ!

இப்ப ஒரு கணக்கு சொல்றேன். உங்க அத்தை சமயபுரத்துக்கு நேந்துக்கிட்டு மடிப்பிச்சை எடுத்தாளே, ஞாபகம் இருக்கா? மஞ்சப் புடவை, கையில சொம்பு, கழுத்துல ரெட்டை வடம். தெருவே அரிசியும் காசும் கொண்டாந்து கொட்டிக் கும்பிட்டுச்சு. கைகால் நல்லாத்தானே இருக்குன்னு ஒருத்தன் கேக்கல. 2016-ல 'பிச்சைக்காரன்' படத்துல ஒரு கோடீஸ்வரப் பிள்ளை ஆத்தாளுக்காக 48 நாள் தட்டு ஏந்தினான். நீ காசு குடுத்து டிக்கெட் எடுத்து மூக்கைச் சிந்தினே. ஆகக்கூடி, பிச்சை மேல நமக்கு ஒரு கோபமும் இல்ல. தேவையில்லாதவன் எடுத்தா அது விரதம். தேவை இருக்கிறவன் எடுத்தாத்தான் தொல்லை.

வள்ளுவருக்கும் இந்த ரோதனை இருந்திருக்கு. இரவுன்னு ஒரு அதிகாரம், அது ஈரம் காயறதுக்குள்ள இரவச்சம்னு அடுத்தது. பிச்சை எடுத்துத்தான் ஒருத்தன் உசுர் வாழணும்னா அப்படிப் படைச்சவனே அலைஞ்சு கெட்டுப்போகட்டும்னு அதுல சொல்றார். மனுசன் வாய்விட்டுத் திட்டினது படைச்சவனை. நாம என்னடான்னா தட்டு ஏந்தினவனைத் திட்டறோம், அது சுலபம்.

எங்க காலம் பொற்காலம்னு கதை விடமாட்டேன். ராப்பிச்சைக்காரன் தட்டுல உங்க அப்பத்தா பழைய குழம்பைத்தான் ஊத்துவா, சூடான குழம்பு அடுப்படியை விட்டு நகராது. திண்ணையில ஏறவும் விட்டதில்ல. ஆனா சட்டி காலின்னா வாசல் வரைக்கும் எந்திரிச்சுப் போய், "இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா, நாளைக்கு வா"ம்பா. அவனும் "சரி தாயி"ன்னுட்டுப் போவான்.

குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம். பத்து ரூபா போட்டுட்டுப் புண்ணியக் கணக்கைத் திறக்காதே. போடலேன்னா நாட்டைத் திருத்தறதா நினைச்சுக்காதே. இல்லேன்னா இல்லைன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லு, போதும். அதுக்கு முன்னாடி விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

சரி, இவ்வளவு நேரம் தொண்டை வத்தப் பேசியிருக்கேன். வெத்தலை பாக்குக்கு ஒரு நூறு ரூபா எடு. எதுக்கு நூறுன்னு கேக்காம எடு.