ஆயிரத்தில் ஒருவர்

கிளாஸ்கோ நகரத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு வகை ரசிகர் உண்டு. 'பெல் அண்ட் செபாஸ்டியன்' இசைக்குழுவின் பேரை யாராவது எடுத்தால் போதும், "அவங்களை எனக்கு ஆரம்பத்திலேருந்தே தெரியும்" என்று நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார்.

1996-ல் அந்த ஊர் ஸ்டோ கல்லூரியில் இசை வணிகம் படித்த மாணவர்கள், படிப்பின் ஒரு பகுதியாக இந்தக் குழுவின் முதல் இசைத்தட்டான 'டைகர்மில்க்'கை வெளியிட்டார்கள். அச்சிட்டது 1,000 தட்டுகள். அன்றைக்கே அதில் ஒன்றை வாங்கிவிட்டதாக இன்று சொல்லிக்கொள்கிறவர்களை வரிசையில் நிறுத்தினால், வரிசையின் வால் எடின்பரோவில் இருக்கும்.

நம்மவர் அசல் ஆசாமி. தட்டு நிஜமாகவே இருக்கிறது. பொம்மைப் புலிக்குப் பாலூட்டும் பெண்ணின் படம் போட்ட அட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேல் ஒரு தலையணை உறை. தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் கை கழுவ வேண்டும். ஈரம் காய்கிற வரைக்கும் வரலாறு கேட்க வேண்டும். காட்டுக்குப் போய்ப் புலிப்பால் கொண்டுவந்த ஐயப்பன்கூட இவ்வளவு அலட்டியிருக்க மாட்டார். "கொஞ்சம் போடுங்களேன்" என்றால் பதறிப்போவார். தேய்ந்துவிடுமாம். பாட்டுக் கேட்பதெல்லாம் கைப்பேசியில்தான்.

பாடல்களை எழுதிய ஸ்டூவர்ட் மர்டாக், தீராத களைப்பு நோயால் பல வருஷம் முடங்கிக் கிடந்தவர். தேறியபின் ஒரு தேவாலயக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பஸ்ஸில் சுற்றினார், வேடிக்கை பார்த்தார், பார்த்ததைப் பாட்டாக்கினார். பள்ளிக்கூடத்தில் யாரோடும் ஒட்டாத பிள்ளைகள், பிடிக்காத வேலை, ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை என்று எல்லாம் அக்கம்பக்கத்துச் சங்கதிதான்.

"அது அத்தனையும் என் கதை" என்பது நம்மவர் கட்சி. ஆதாரம்? அந்த நாளில் அவரும் பஸ்ஸில்தான் போனார். பாட்டில் குடை வந்தால் அது அவர் குடை. ஒருத்தி கோபித்துக்கொண்டு போனால் அவள் யாரென்று தெருப்பேரோடு சொல்லுவார்.

"அப்போ உங்ககிட்ட குடையே கிடையாது" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும். அது அவர் காதில் விழாது.

1999-ல் ரசிகர்கள் இணையத்தில் ஓட்டுப் போட்டு, சிறந்த புதுமுகத்துக்கான பிரிட் இசை விருதைக் குழுவுக்கு வாங்கித் தந்தார்கள். அதே வருஷம் 'டைகர்மில்க்' மறுபடி வெளிவந்து, கடைக்குக் கடை கிடைத்தது. ஊரே கொண்டாட, நம்மவருக்குச் சோறு இறங்கவில்லை. "இனிமே கண்டவனெல்லாம் கேட்பான்!" கேட்கத்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஒருநாள் வேலியோரம் நின்று, "அப்படியே என் வாழ்க்கையை எழுதியிருக்கான் சார்" என்று உருகினார். டாக்டரும் பஸ்ஸில் போனவராம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பல்வலி வந்தால் நம்மவர் அடுத்த ஊருக்குப் போகிறார்.

சாதாரண மனுஷன் பாட்டு என்றுதான் அவருக்கு அவ்வளவு பெருமை. ஆனால் ஊரில் சாதாரண மனுஷன் அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் அவரிடம் மாட்டிக்கொண்டால் ஒரு யோசனை: "கேட்டேன், ரொம்பப் பிடிச்சது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "ஒண்ணுமே புரியலை" என்று உதட்டைப் பிதுக்குங்கள். முகம் மலர்ந்துவிடும். டீக்காசும் அவர்தான் கொடுப்பார்.