வாய்தாவுக்கு அப்பால்

கேள்வி: தொண்டி ரோட்டில் லாரி மோதி மச்சானுக்கு ஒரு கை போய்விட்டது. நஷ்டஈடு வழக்கில் வக்கீல் வாய்தா வாங்குவதைத் தவிர என்னதான் செய்கிறார்?
– ஒரு வாசகர், காளையார்கோவில்

பதில்: எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, லாரியின் இன்சூரன்ஸ் எல்லாம் தானாக நடந்து வராதே! மச்சான் கொத்தனார் என்றால் சம்பளச் சீட்டும் இருக்காது. கூலியைச் சொல்ல மேஸ்திரியைக் கூண்டேற்ற வேண்டும். அவர் வருகிற அன்று நீதிபதி லீவு.

பெரிய சண்டை சதவீதத்தில்தான். டாக்டர் 60 சதவீத ஊனம் என்பார். ஆனால், கை போனாலும் குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம், தச்சருக்கோ பிழைப்பே போகும் என்று ராஜ்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மச்சானின் பிழைப்பு போனதை வக்கீல் நிரூபித்தாக வேண்டும். அப்புறம் வயது: வருட வருமான இழப்பைப் பெருக்கும் எண் 30 வயதுக்கு 17, 40க்கு 15. ஆதார் ஒன்று, ரேஷன் கார்டு வேறொன்று சொன்னால், டி.சி. தேடிப் பள்ளிக்கூடப் படியேறுவார். ஃபீஸ் கேட்கும்போது மட்டும் உங்கள் கண்ணில் படுவார்.